இடுப்பை இறுக்காத உடுப்பு

கொழுந்து மலைக்குக் கிளம்பும் பெண்ணின் இடுப்பில் குறைந்தது மூன்று கட்டு இருக்கும். முதலில் உள்பாவாடை நாடா. அதன் மேல் சேலையின் சுற்றும் கொசுவமும். எல்லாவற்றுக்கும் மேலே படங்கு. பனியிலும் மழையிலும் நனைந்த தேயிலைச் செடி உடம்பில் உரசாமல், காலில் அட்டை ஏறாமல் இருக்க, இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே வரை தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டும் தடித்த துணி அது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்புதான். செங்குத்துச் சரிவில் இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது அவிழ்ந்து விழும் துணியைப் பிடிக்கக் கை கிடையாது. அதனால் ஒவ்வொரு கட்டையும் மூச்சை உள்ளே இழுத்து இறுக்கித்தான் போடுகிறார்கள்.

எல்ல, தெமோதரை, நமுனுகுலை, பசறை, ஹப்புத்தளை என்று இலங்கையின் ஊவா மலைகளில் இந்த மூன்று கட்டோடு வேலை செய்கிறவர்களில், கர்ப்பப்பை இறங்கிய பெண்களும் இருக்கிறார்கள். ‘அடி தள்ளிருச்சு’, ‘கீழ எறங்கிருச்சு’ என்று தமக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். மருத்துவ நூல்கள் இவர்களுடைய உடுப்பைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்: இறுக்கமாக உடுத்த வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். காலை ஆறரைக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவளுக்கு அந்த ஒரு வரி போதாது. அவள் எதை, எங்கே, எப்படிக் கட்டினால் அன்றைய பொழுது கொஞ்சம் லேசாகும், எந்த இடத்துக்கு மேல் உடுப்பால் ஒன்றும் ஆகாது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடுப்புக்கூட்டின் அடியில் விரிந்திருக்கும் தசைகளும், உறுப்புகளைப் பிடித்து நிறுத்தும் நார்களும் தளரும்போது சிறுநீர்ப்பையோ கர்ப்பப்பையோ மலக்குடலோ பிறப்புவழிப் பக்கம் சரிகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பிறகும் பிறப்புவழியின் மேல்முனை இறங்கலாம். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் பலருக்கு இருப்பதே தெரியாது. மூன்றாவது, நான்காவது நிலைகளில் ஒரு சதைப்பந்து வெளியே வந்து நிற்கும். பல பிரசவங்கள், நீண்ட பிரசவ வலி, மாதவிலக்கு நின்ற பிறகு திசுக்கள் மெலிவது, ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது என்பவை பாடப்புத்தகம் சொல்லும் காரணங்கள். விறகடுப்புப் புகையில் சமைத்து, தண்ணீரும் விறகும் சுமந்து, ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கழிக்கிற, லயம் என்னும் தோட்டத்து வரிசைவீட்டில் வாழும் பெண்ணுக்கு இவற்றில் எது இல்லை?

கொழுந்துக் கணக்கும் இதோடு சேர்கிறது. பல தோட்டங்களில் ஒரு முழுப் பேர் விழ, அதாவது முழுநாள் சம்பளம் பதிய, நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் பறிக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோதும், நிறைக்கும் சம்பளத்துக்கும் உள்ள பிணைப்பு அறுபடவில்லை. நெற்றிக்கு மேல் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடையோ சாக்கோ நிறைய நிறைய, உடம்பு முன்னால் சாய்ந்து வயிற்றுத் தசை இறுகுகிறது. அந்த அழுத்தம் கீழேதான் இறங்கும்.

இந்த நோய் நேரத்தோடு மாறும் இயல்புடையது. இரவு படுத்து எழுந்ததும் பலருக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். நிற்க நிற்க, நடக்க நடக்கப் பாரம் கூடி, மாலை நிறுவைக்கு வரும்போது கால்களுக்கு இடையில் ஏதோ தொங்குவது போலவும் முதுகின் அடி இழுப்பது போலவும் ஆகிவிடும். காலையில் சுகமாக இருந்த உடுப்பு பின்னேரம் வாட்டுவது இதனால்தான். உடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பின்னேர உடம்புக்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெண்களின் வாயிலிருந்தே இந்த நோயைப் பற்றிக் கேட்டுப் பதிந்த முக்கியமான வேலை கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நடந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தொடங்கிய ‘ருவ்செக்’ என்ற கிராமப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து டி. கே. சுந்தரி ரவீந்திரனும் உடன் ஆய்வாளர்களும் அடி தள்ளிய பெண்களின் அனுபவத்தைத் திரட்டி 1990களின் இறுதியில் வெளியிட்டார்கள். பிள்ளை பெற்றுச் சில நாட்களில் வயல்வேலைக்குத் திரும்பியவர்கள், வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள், வைத்தியம் பார்த்தாலும் ஓய்வெடுக்க வழியில்லாதவர்கள் அதில் பேசினார்கள். வயலுக்குப் பதில் மலை என்று மாற்றினால் அது ஊவாவின் கதையும் ஆகிவிடும்.

நேபாளத்தில் இது நீதிமன்றம் வரை போனது. 2000களின் நடுவில் அங்கே சுமார் 6 இலட்சம் பெண்களுக்கு கர்ப்பப்பை இறக்கம் இருப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறலாகக் கண்டு, அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014இல் சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிட்ட அறிக்கை, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சுமக்கும் பாரத்தை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. மலைநாட்டு நேபாளிப் பெண்களும் இடுப்பில் ‘பட்டுகா’ என்ற நீளத் துணியைப் பல சுற்றாகச் சுற்றிக் கட்டி, நெற்றிப் பட்டையில் கூடை சுமக்கிறவர்கள். நம் படங்கையும் கொழுந்துக் கூடையையும் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தெரியாது.

இனி உடுப்புக்கு வருவோம். முதலில் இடுப்புக் கட்டு. இறுக்கமான உடையால்தான் கர்ப்பப்பை இறங்குகிறது என்று யாரும் நிறுவவில்லை. அப்படிச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடுத்திய பாவத்துக்கு வந்த நோய் என்ற பழி கடைசியில் அவள் தலையிலேயே விழும். ஆனால் வயிற்றை நடுவில் இறுக்கினால் உள்ளழுத்தத்துக்குப் போக மேலும் கீழும்தான் இடம். கீழே ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பாரம் கூடுதலாகத் தெரியும். பலர் கயிற்றை அவிழ்த்ததும் மூச்சு வருவது போல உணர்வது அதனால்தான். நாடாவே தனியாகவும் தீங்கு செய்யும். பல்லாண்டுகள் இடுப்பில் இறுக்கிக் கட்டிய நாடாவோ சேலையோ உரசிய இடத்தில் ஆறாத புண் வந்து புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2024இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள்.

பிள்ளை பெற்ற வயிற்றைப் பழைய சேலையால் சுற்றிக் கட்டும் வழக்கத்தையும் இங்கேயே பேச வேண்டும். வயிறு தொங்காது, கர்ப்பப்பை இடத்தில் உட்காரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். மிருதுவாக, அகலமாக, இடுப்பெலும்பைத் தழுவிக் கட்டினால் எழுந்து நடக்க ஆதரவாக இருக்கும். சிசேரியன் செய்தவர்களுக்கு வயிற்றுப் பட்டி வலியைக் குறைப்பதும் தெரிந்த விஷயம். வயிற்றின் நடுவில், மூச்சு முட்ட இறுக்கும் கட்டுதான் ஆபத்து. பிரசவத்தில் நைந்த அடித்தசை தேறும் முன்னே அதன் மேல் பாரத்தை இறக்குவது அது. வழக்கத்தை விடச் சொல்லாமல் கட்டும் இடத்தைக் கீழே இறக்கச் சொன்னால் பாட்டிமாரும் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மாற்று என்ன? பாரத்தை இடுப்பிலிருந்து தோளுக்கோ இடுப்பெலும்புக்கோ மாற்றுவது. சிறுமிகளுக்குத் தைப்பது போல மேலே கையில்லாத பாடி இணைத்த பாவாடையைப் பெரியவர்களுக்கும் தைக்கலாம். அதற்கு நாடாவே வேண்டாம், தோளில் தொங்கும். அது சரிப்படாதவர்களுக்கு, நாடா வரும் இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு யோக் வைத்து, இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி பாவாடை தைக்கலாம். லயத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் எந்த அக்காவும் இதை ஒரு பொழுதில் முடித்துவிடுவார். நூல் நாடா இடுப்பை அறுக்கும். அகலப் பட்டி அதே பிடியைப் பரவலாகத் தரும். வீட்டிலும் தோட்டத்திலும் இப்போது பரவலாகிவிட்ட கவுன் இந்த நோய்க்காரிக்கு நல்ல உடுப்பு. அதைச் சோம்பேறி உடுப்பு என்று ஏளனம் செய்கிறவர்கள் அந்தப் பேச்சை விட வேண்டும்.

சேலை கட்டியே ஆகவேண்டியவர்களும் உண்டு. தோட்டப் பாடசாலை ஆசிரியைகள் நாள் முழுக்க நின்று கற்பிப்பவர்கள். 2022 நவம்பரில் பொருளாதார நெருக்கடியின்போது சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்கு வந்ததும் நாடு முழுக்க வாதம் கிளம்பியது. செலவு, பண்பாடு, கண்ணியம் என்று பேசினார்கள்; ஆசிரியைகளின் உடம்பைப் பற்றிப் பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. சேலைக்காரிகளுக்குச் சின்ன மாற்றங்கள் உதவும்: வழுக்கும் நைலோனை விட நூல் சேலைக்குக் குறைந்த இறுக்கம் போதும், கொசுவத்தை ஊசி குத்தி நிறுத்தினால் நாடாவை இறுக்க வேண்டியதில்லை.

உல்லாசப் பயணம் பெருகியதால் எல்லவில் வேறொரு உடுப்புப் பிரச்சினையும் வந்திருக்கிறது. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக எழும்பிய விடுதிகளில், லயத்தில் வளர்ந்த பெண்கள் அறை சுத்தம் செய்யவும் துணி வெளுக்கவும் போகிறார்கள். மெத்தை தூக்குவதும் குந்தித் தரை தேய்ப்பதும் கொழுந்துக்குக் குறைந்த வேலை அல்ல. சீருடையாகக் கொடுக்கும் காற்சட்டையின் இடுப்புப் பட்டியும் நடுத்தையலும் குந்தும்போதெல்லாம் அழுத்தும், அறுக்கும். ஓர் அளவு பெரியதாக, இலாஸ்டிக் இடுப்போடு, தொடை வரை இறங்கும் மேற்சட்டையோடு கேட்டால் கொடுக்க முடியாத விஷயம் இல்லை. கேட்பதற்குத்தான் வாய் வருவதில்லை.

இனி உள்ளே. வெளியே வந்து நிற்கும் திசு துணியில் நாள் முழுக்க உரசினால் காய்ந்து தடித்துப் புண்ணாகும். ஆகவே உள்ளாடை வேண்டாம் என்று விடுவதும் தவறு, இறுக்கமாகப் போடுவதும் தவறு. பனியன் துணியில், அடிப்பகுதி அகலமாகவும் இரட்டை மடிப்பாகவும், நடுவில் தையல் இல்லாமல், இலாஸ்டிக் வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பில் விழும்படி இருக்க வேண்டும். சந்தையில் பெட்டிக்கடை விரித்திருக்கும் ஆணிடம் அளவு சொல்ல வெட்கப்பட்டுக் கண்ணளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம். அது பெரும்பாலும் சிறிதாகவே அமைந்துவிடுகிறது.

போடும் முறையும் முக்கியம். எழுந்து நின்றுகொண்டு போட்டால் பாரம் முதலில் இறங்கிவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கழுவிய கையால் இறங்கியதை மெதுவாக உள்ளே தள்ளி, படுத்தபடியே உள்ளாடையை ஏற்றிவிட்டு எழ வேண்டும். வெளிநாடுகளில் அடியிலிருந்து தாங்கும் பட்டை வைத்த உள்ளாடைகள் விற்கிறார்கள். அவை நோயை மாற்றாது, போட்டிருக்கும் நேரத்துக்கு ஆறுதல் தரும். நம் பெண்கள் பழைய நூல் சேலையைக் கிழித்துக் கோவணம் போலக் கட்டுவதும் இதே தத்துவம்தான். அந்தத் துணி சுத்தமாக, உலர்ந்ததாக, நடுவில் முடிச்சில்லாததாக இருந்தால் அதை இழிவாக நினைக்க ஒரு காரணமும் இல்லை.

உலர்ந்ததாக என்று எழுதிவிட்டேன். மலைநாட்டில் அது எவ்வளவு கடினம் என்பதை வெயில் ஊர்க்காரர்கள் அறியமாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் துணி ஒரு மணி நேரத்தில் காயும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கினால் நாட்கணக்காக வெயில் முகம் காட்டாது. சேலையும் பாவாடையும் லயத்து வாசல் கொடியில் தொங்கும். உள்ளாடையும் ஒட்டுத்துணியும் மட்டும் லயத்து அறையான காம்பராவின் மூலையில், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், ஒரு துவாயின் அடியில் ஒளிந்து காயும். ஆண்கள் கண்ணில் படக்கூடாதாம். மேலே துவாய் மூடியிருப்பதால் புகை ஏறுமே ஒழிய ஈரம் போகாது. மறுநாள் காலை அதே ஈரத்தைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு பனிச்செடிக்குள் இறங்கினால் அரிப்பு, படை, வெள்ளைப்படுதல், நாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாற்றத்துக்குப் பயந்து அவள் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்துவாள். துவாயை விலக்கிவிட்டு உள்ளாடையை வெளிச்சத்தில் காயப்போடுவது மருந்துக்குச் சமமான காரியம். வீட்டில் இருக்கும் ஆண்கள் செய்யக்கூடிய உதவி, அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருப்பதே.

இருமினாலும் சறுக்கினாலும் சிறுநீர் கசிகிறவர்களுக்கு நப்கின் செலவும் சேர்கிறது. மாதவிலக்கு நப்கின் சில நாள் தேவை, இது தினத்தேவை. இறக்குமதி நப்கின் மீது 2018 வரை இலங்கை விதித்த வரி நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிறகு குறைத்தாலும், 2022 நெருக்கடியில் விலை ஏறி நாட்கூலிக்காரியின் கையை விட்டுப் போனது. கசிவைத் தாங்கி, துவைத்துத் திரும்ப உடுத்தக்கூடிய உள்ளாடைகள் ஏற்றுமதிக்காக இந்த நாட்டு ஆலைகளிலேயே தைக்கப்படுகின்றன. அதைத் தைக்கும் கைகளில் மலையகப் பிள்ளைகளின் கைகளும் உண்டு. அந்தப் பொருள் அவர்களுடைய தாய்மாருக்கு எட்டும் விலையில் தோட்டத்துக்கு வரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

மலையில் மலசலகூடம் இல்லாத குறையும் உடுப்போடு நேரடியாகச் சேர்ந்தது. மூன்று கட்டையும் அவிழ்த்துச் செடிக்குப் பின்னால் குந்தி, மறுபடி மூன்றையும் இறுக்கிக்கொண்டு வர நேரமாகும், நிறை குறையும். அதனால் அடக்கி வைக்கிறார்கள், தண்ணீரைத் தவிர்க்கிறார்கள், மலம் இறுகி முக்குகிறார்கள். முக்கினால் இன்னும் இறங்கும். பின்னால் இருந்து விலக்கக்கூடிய படங்கும், தூக்கினால் போதும் என்ற பாவாடையும் இந்தச் சுழலை ஓரளவு தளர்த்தும். மலைக்கு நடுவில் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கூடம் கட்டினால் அதைவிட அதிகம் தளரும்.

உடுப்பின் எல்லை இங்கே வருகிறது. துணியில் இரத்தம் பட்டால், குறிப்பாக மாதவிலக்கு நின்றவருக்கு, அது உரசலால் வந்ததென்று தானே முடிவு செய்யக்கூடாது. புற்றுக்கும் அது அடையாளமாக இருக்கலாம். சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும், வெளியே வந்தது உள்ளே போகாமல் நின்றாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கும் சிகிச்சை உண்டு, அரச மருத்துவத்தில் காசும் இல்லை. அடித்தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி முதலாவது. பிரித்தானியா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா நாடுகளில் 447 பெண்களிடம் நடத்தி 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், தனித்தனியாகக் கற்பிக்கப்பட்ட இந்தப் பயிற்சி தொல்லைகளைக் குறைத்தது. மாதக்கணக்கில் செய்ய வேண்டும். நிறுவை வரிசையில் நிற்கும்போதும் செய்யலாம். கூடையைத் தூக்கும் முன் ஒருமுறை அடியை இறுக்கிக்கொள்வதை வழக்கமாக்கினால் இன்னும் நல்லது. அடுத்தது வளையம். அளவு பார்த்து உள்ளே வைக்கும் சிலிக்கோன் அல்லது பிளாஸ்டிக் வளையம் கர்ப்பப்பையை ஏந்தி நிற்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்கில் எடுத்துக் கழுவி வைப்பார்கள். வளையம் பொருந்திவிட்டால் உடுப்புப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும், சாதாரண உள்ளாடையே போதும். சத்திரசிகிச்சை அதற்குப் பிறகு. இறங்கிய உறுப்பைத் தாங்கப் பிறப்புவழியாக வைக்கும் செயற்கை வலைகளை இந்த நோய்க்கு விற்பதை 2019இல் அமெரிக்கா நிறுத்தியது. தசையையும் நாரையும் தைத்து இழுக்கும் பழைய முறைகளே இன்றும் பெரும்பாலும் கைகொடுக்கின்றன.

போகும் வழி இதுதான். 1996 முதல் இயங்கும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதுப் பெண்களை அழைத்து மார்பையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறது. அங்கே கட்டிலில் படுத்திருக்கும் அந்த நேரத்தில், “மிஸ்ஸி, எனக்குக் கீழ என்னமோ எறங்குது” என்று மருத்துவமாதிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதுளை போதனா வைத்தியசாலைக்கோ தியத்தலாவைக்கோ கடிதம் கிடைக்கும். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாத இடங்களில் இந்த ஒரு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தமிழ் பேசும் மருத்துவமாதுகளைத் தோட்டப் பகுதிக்கு நியமிப்பது இந்த நோய்க்கு மருந்து வாங்குவதைவிட அவசரமானது என்பேன்.

1939இன் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் விடுமுறை என்றானது பெரிய முன்னேற்றம். ஆனால் 85ஆம் நாள் அவள் திரும்புவது அதே கூடைக்கும் அதே கயிற்றுக்கும்தான். சத்திரசிகிச்சை முடித்து வருகிறவளுக்கும் இதே கதி. ஆறு வாரமாவது பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்கிறார்; லயத்துக்கு வந்தால் பேர் விழாத ஒவ்வொரு நாளும் அடுப்பில் தெரிகிறது. நாற்றுமேடை வேலை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை போன்ற இலகுவான வேலையை முழுச் சம்பளத்தோடு கொடுக்காத வரை தைத்ததெல்லாம் மறுபடி தளரும்.

கடைசியாகப் படங்கு. தோட்ட வேலைக்கென்று கட்டும் துணி அது. மற்ற தொழில்களில் பாதுகாப்பு உடையைத் தொழில் கொடுப்பவர் கொடுப்பது போல இதையும் தோட்டமே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது வடிவத்தையும் மாற்றலாம். இடுப்புக் கயிற்றுக்குப் பதிலாக, மார்பிலிருந்து தொங்கி முதுகில் குறுக்காகப் போகும் இரண்டு அகல வார்கள், பின்னால் திறப்பு, பிளாஸ்டிக்குப் பதிலாக நீர் ஒட்டாத மெல்லிய துணி. வார் தோளில் விழும் இடமும் கூடை முதுகில் உரசும் இடமும் ஒன்றாகிவிட்டால் புதிய தொல்லை வரும். வாரைக் கழுத்தை ஒட்டி வைப்பதா, கூடையின் அடிக்குக் கீழே இறக்குவதா என்பதை முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண்களிடம் தைத்துக் கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டுப் பார்க்கச் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும்.